6061-டி6 அலுமினிய வெல்டிங் சட்டம் (ஃப்ரேம்) 170 டிகிரியில் வருடக்கணக்கில் நின்றால் ஜாயிண்ட் எவ்வளவு தாங்கும்?

உலர்கலன் எழுதியது:

வணக்கம். ஒரு உலர்த்தும் அறைக்குள் தட்டுகளைச் சுமக்கும் சட்டம் ஒன்று செய்ய வேண்டியிருக்கிறது. உள்ளே காற்று 170 டிகிரி சென்டிகிரேடு. நாளைக்கு 20 மணி நேரம், வருடத்துக்கு 300 நாள் ஓடும், 5 வருடம் தாங்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். சட்டத்தை அடிக்கடி வெளியே இழுத்து உள்ளே தள்ள வேண்டும், அதனால் எடை குறைவாக இருக்க வேண்டும், அதனால்தான் அலுமினியம். 6061-டி6 (6061 கலவையின் எண், டி6 என்றால் சூடு கொடுத்துப் பலமேற்றிய நிலை) சதுரக் குழாய், சுவர் 5 மி.மீ., டிக் வெல்டிங், 5356 ராடு (வெல்டில் உருக்கிச் சேர்க்கும் கம்பி).

மாதிரி ஜாயிண்ட் ஒன்றை அறை வெப்பநிலையில் இழுத்துப் பார்த்தோம். 190 மெகாபாஸ்கலில் உடைந்தது. உடைந்தது வெல்டில் இல்லை, வெல்டிலிருந்து 10 மி.மீ. போல் தள்ளி. தாய் உலோகம், அதாவது வெல்ட் படாத குழாய், 310, ஆக ஜாயிண்ட் அதில் 60 சதவீதம் சொச்சம். அட்டவணையில் 6061-டி6க்கு 149 டிகிரியில் 234, 204 டிகிரியில் 131 என்று போட்டிருக்கிறது, நடுவில் 170க்கு 195 என்று எடுத்துக்கொண்டேன். அதை 0.6ஆல் பெருக்கினால் 117 வருகிறது. சட்டத்தில் மோசமான ஜாயிண்டில் வரும் தகைவு (பரப்பளவுக்கு வரும் விசை) 60தான். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு பாதுகாப்பு.

இந்தக் கணக்கு போதுமா? வெல்டிங் செய்த அலுமினியத்துக்கு என்று தனியாக உயர் வெப்பநிலை அட்டவணை எங்கே தேடினாலும் கிடைக்கவில்லை, எல்லோரும் தாய் உலோகத்துக்குத்தான் போடுகிறார்கள். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பழைய_ஃபோர்மேன் எழுதியது:

தம்பி, கணக்குக்குள் போவதற்கு முன்னால் முதலில் அந்த ராடை மாற்றுங்கள். 170 டிகிரிக்கு 5356 போடவே கூடாது.

5356இல் மக்னீசியம் 5 சதவீதம். 6061உடன் கலந்து உறைந்த பிறகும் வெல்டில் பெரும்பாலும் 3 சதவீதத்துக்கு மேல் நிற்கும். அந்த அளவு மக்னீசியம் உள்ள அலுமினியத்தை 65 டிகிரிக்கு மேல் நெடுநேரம் வைத்திருந்தால் மக்னீசியம் உலோகத்தின் நுண்மணிகளின் (கிரெய்ன்) எல்லைக்கு வந்து அங்கே ஒரு அலுமினியம்-மக்னீசியம் சேர்மமாகப் படிந்துவிடும். அந்தப் படிவு சுற்றியிருக்கும் உலோகத்தைவிடச் சீக்கிரம் அரிக்கப்படும். ஈரமும் இழுவிசையும் சேர்ந்தால் எல்லையோடு எல்லையாக விரிசல் ஓடும். வெளியிலிருந்து பார்த்தால் வெல்ட் பளபளவென்று இருக்கும், ஒன்றும் தெரியாது. உங்களுடையது உலர்த்தும் அறை, பொருளிலிருந்து வருகிற ஈரமெல்லாம் உள்ளேதான் இருக்கிறது, ராத்திரி அணைத்தால் அது சட்டத்தின் மேலேதான் வியர்க்கும். விரிசலுக்கு வேண்டியதெல்லாம் அங்கேயே தயாராக இருக்கிறது.

5083 மாதிரி மக்னீசியம் அதிகமுள்ள தகடுகளுக்கு அழுத்தக் கலன் விதிகளில் 65 டிகிரி என்று எல்லை வைத்திருப்பதும் இதே காரணத்துக்குத்தான். ஃபில்லருக்கும், அதாவது ராடுக்கும், அதே கதை.

6061க்கு சூடான வேலை என்றால் 4043. சிலிக்கான் 5 சதவீதம், இந்தப் பிரச்சினை அதில் கிடையாது, உறையும்போது விரிசல் விழுவதும் குறைவு. ஆனால் ஒன்று, 4043 ராடை 5356க்குப் பதிலாக அதே அளவில் போட்டுவிட்டுப் போக முடியாது. ஃபில்லெட் வெல்டில், அதாவது மூலையில் முக்கோணமாகப் போடும் வெல்டில், வெட்டு வலிமை 5356க்கு 117 மெகாபாஸ்கல் என்றால் 4043க்கு 79தான். அதாவது வெல்டின் தொண்டை (அதன் மிகக் குறுகிய தடிமன்) ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வேண்டும். வெல்டின் கால் (பக்க நீளம்) பெரிதாகும், சூடு கூடுதலாகப் போகும், கோணலும் கூடும். கிடைத்தால் 4943 பாருங்கள், 4043ஐவிட வலிமை அதிகம், வெல்டிங் செய்யும் விதத்தில் பெரிய வித்தியாசம் இல்லை.

அப்புறம் 4043 வெல்டை அனோடைஸ் (மின்சாரத்தால் ஆக்சைடு படலம் ஏற்றுவது) செய்தால் கருஞ்சாம்பல் நிறம் வரும். அறைக்குள் இருக்கும் சட்டத்துக்கு அது பெரிய விஷயமில்லை, ஆனாலும் வாடிக்கையாளரிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள், பிறகு அதற்கு ஒரு சண்டை வேண்டாம்.

நுண்ணமைப்பு எழுதியது:

ராடு பற்றி மேலே சொன்னது முழுக்கச் சரி. நான் 0.6ஆல் பெருக்கிய இடத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இந்தக் கேள்வியின் உயிரே அங்கேதான் இருக்கிறது.

6061க்கு வலிமை வருவது அதற்குள் மிக நுண்ணிய மக்னீசியம்-சிலிக்கான் படிவுகள் நெருக்கமாக இருப்பதால். இடப்பெயர்ச்சிகள், அதாவது டிஸ்லொகேஷன்கள் எனும் அணு அடுக்கின் குறைகள், உலோகம் வளையும்போது நகர்கின்றன, அப்படி நகரும்போது இந்தப் படிவுகளில் முட்டிக்கொள்கின்றன. ஒரு சந்தில் நூறு பேர் அடைத்து நின்றால் ஊடே நுழைவது கஷ்டம், அதே நூறு பேர் நாலு கூட்டமாக ஒதுங்கி நின்றால் நடுவில் தாராளமாகப் போகலாம் அல்லவா, சூடு படும்போது படிவுகளுக்கு நடப்பதும் அதுதான். சிறியவை கரைந்து பெரியவற்றோடு சேர்கின்றன, இடைவெளி கூடுகிறது, உலோகம் மென்மையாகிறது. ஓவர்ஏஜிங் என்பது இதைத்தான்.

இப்போது வெல்டிங்குக்குப் பக்கத்தில் என்ன நடந்திருக்கிறது என்று பாருங்கள். உருகிய எல்லையை ஒட்டிய மெல்லிய பட்டையில் 500 டிகிரிக்கு மேல் போயிருக்கும், அங்கே படிவுகள் அப்படியே கரைந்துவிட்டன. கரைந்த மக்னீசியமும் சிலிக்கானும் உலோகத்துக்குள்ளேயே இருக்கின்றன, பிறகு சூடு கொடுத்தால் மறுபடி நுண்ணிய படிவாக வரும், வலிமை கொஞ்சம் திரும்பும். அதற்கு அடுத்த பட்டை 300, 400 டிகிரி கண்டது. அங்கே கரையவில்லை, பருத்துவிட்டன. அந்தப் பட்டைக்கு 170 டிகிரி சூடு எந்த நன்மையும் செய்யாது. உங்கள் மாதிரி வெல்டிலிருந்து 10 மி.மீ. தள்ளி உடைந்தது அங்கேதான். ஹெச்.ஏ.இசட். என்று சொல்லும் வெப்பம் தாக்கிய பகுதியில் மிக மெலிந்த இடம் அது.

ஆக உங்களிடம் இருப்பது 0.6 மடங்கு பலமுள்ள ஒரே உலோகம் இல்லை. ஒன்றுக்கொன்று ஒட்டி நிற்கும் நாலு வேறு உலோகங்கள், ஒவ்வொன்றும் சூட்டில் ஒவ்வொரு வேகத்தில் மாறுகிறது. டி6 இழப்பதற்கு நிறைய வைத்திருக்கிறது, அதனால் வேகமாக இழக்கும். ஏற்கெனவே மெலிந்த பட்டை இழப்பதற்குக் கொஞ்சம்தான் மிச்சம், மெதுவாக இழக்கும். வெப்பநிலையும் நேரமும் ஏற ஏற இரண்டும் நெருங்கி வரும். 260 டிகிரியில் நெடுநேரம் இருந்த டி6 தாய் உலோகத்தின் வலிமையே 51 மெகாபாஸ்கல்தான், அங்கே ஜாயிண்ட் தாய் உலோகத்தில் எத்தனை சதவீதம் என்று கேட்பதில் அர்த்தமே இல்லை. சிலர் 250 டிகிரியில் சோதித்துவிட்டு ஜாயிண்ட் திறன் 90 சதவீதத்துக்கு மேல் என்று பெருமையாகச் சொல்வார்கள். ஜாயிண்ட் ஏறவில்லை, தாய் உலோகம் இறங்கி வந்திருக்கிறது.

இதிலிருந்து ஒன்று புரியும். குறுகிய நேர உடைப்பு வலிமைக்கு மட்டும் என்றால் உங்கள் 117 அவ்வளவு மோசமான எண் இல்லை, உண்மை அதைவிடக் கொஞ்சம் மேலேகூட இருக்கலாம். ஆனால் உங்கள் சட்டம் ஒரே இழுப்பில் உடையப் போவதில்லை. அது வளையும், தொங்கும். அதற்குப் பார்க்க வேண்டியது ஈல்டும் (நிரந்தரமாக வளையத் தொடங்கும் தகைவு) க்ரீப்பும் (சூட்டில் சுமையோடு இருக்கும்போது மெல்ல மெல்ல நீளுவது). ஈல்டு என்றால், வெல்டிங் செய்த 6061-டி6க்கு அறை வெப்பநிலையிலேயே வடிவமைப்புக்கு எடுத்துக்கொள்ளும் மதிப்பு 105 மெகாபாஸ்கல்தான், அதுவும் உங்கள் 5 மி.மீ. போன்ற மெல்லிய சுவருக்கு. தடிமன் 9.5 மி.மீ. தாண்டினால் 4043க்கு அது 80 ஆகிவிடும். 105லிருந்து 170 டிகிரிக்காக இறக்கி, பிறகு 60ஐ ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டு மடங்கு என்ற பேச்சு போய்விடும்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

நுண்ணமைப்பு சொன்னதோடு நேரத்தையும் சேர்க்க வேண்டும். யாரும் அதைத் தொடவில்லை என்பதால் நான் சொல்கிறேன்.

20 மணி, 300 நாள், 5 வருடம் என்றால் 30,000 மணி நேரம். நீங்கள் எடுத்த அட்டவணை பெரும்பாலும் அந்தச் சூட்டில் 10,000 மணி நேரம் வரை வைத்திருந்தால் வரும் மிகக் குறைந்த வலிமைக்கானது. உங்கள் தேவை அதைப் போல மூன்று மடங்கு. இன்னொரு பக்கம் ஐரோப்பிய அலுமினியக் கட்டுமான விதியில் தீக்கான பகுதியில் ஓர் அட்டவணை இருக்கிறது, அதில் 6061-டி6 200 டிகிரியில் ஈல்டில் 79 சதவீதத்தைத் தக்கவைக்கும் என்று போட்டிருக்கும். அதைப் பார்த்து மகிழ்ந்துவிடாதீர்கள், அது 2 மணி நேரச் சூட்டுக்கு. நெடுநேர அட்டவணையில் அதே உலோகம் 204 டிகிரியில் 276லிருந்து 103க்கு இறங்குகிறது, அதாவது 37 சதவீதம். ஒரே உலோகம், ஏறக்குறைய ஒரே வெப்பநிலை, வித்தியாசம் முழுக்க நேரம். எந்த அட்டவணையைத் திறந்தாலும் எண்ணைப் பார்ப்பதற்கு முன் எத்தனை மணி நேரம் என்று கீழே போட்டிருக்கும் சின்ன எழுத்தைப் படியுங்கள்.

இன்னொன்றும் கவனியுங்கள். 6061ஐ டி6 ஆக்குவதற்கு ஆலையிலேயே நுண்ணிய படிவுகளை வரவைக்கக் கொடுக்கும் ஏஜிங் சூடு 160 டிகிரியில் 18 மணி நேரம், அல்லது 177 டிகிரியில் 8 மணி நேரம். உங்கள் அறையின் 170 டிகிரி சரியாக அதன் நடுவில் இருக்கிறது. அதாவது உங்கள் அறையே ஒரு ஏஜிங் அடுப்பு. முதல் ஒன்றிரண்டு நாளில் வெல்டை ஒட்டிய கரைந்த பட்டை பலம் பெறும், அந்த நேரத்தில் ஒரு மாதிரியை எடுத்துச் சோதித்தால் நல்ல செய்திதான் வரும். அதற்குப் பிறகு மிச்சமிருக்கும் 29,950 மணி நேரமும் இறக்கம்தான்.

எவ்வளவு இறக்கம் என்று அறிய 5 வருடம் காத்திருக்க முடியாது. லார்சன்-மில்லர் என்ற பழைய வழி ஒன்று உண்டு, 1952இல் வந்தது. கெல்வினில் வெப்பநிலையை, 20உடன் மணி நேரத்தின் மடக்கையை (அடி 10 லாக்) கூட்டிய தொகையால் பெருக்க வேண்டும், வரும் எண் சமம் என்றால் இறக்கமும் ஏறக்குறைய சமம். 170 டிகிரி என்றால் 443 கெல்வின், 30,000 மணியின் மடக்கை 4.48, பெருக்கினால் 10,840 போல வருகிறது. அதே எண் 200 டிகிரியில் வர வேண்டுமென்றால் சுமார் 840 மணி நேரம் போதும். 220 டிகிரியில் வெறும் 100 மணி நேரம். அந்த 20 என்ற மாறிலி அலுமினியத்துக்குச் சரியாக 20 என்று சத்தியம் செய்ய முடியாது, உலோகத்துக்கு உலோகம் மாறும். ஆனால் முதல் மதிப்பீட்டுக்கு இது போதும்.

இதே கணக்கில் உங்கள் அறை 170க்குப் பதிலாக 180இல் ஓடினால் 30,000 மணி நேரம் 8,600 ஆகச் சுருங்கும். பத்தே டிகிரிக்கு ஆயுள் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே. அறையின் கட்டுப்பாட்டுக் கருவி எவ்வளவு மேலே கீழே ஆடுகிறது என்பது தெரியாமல் ஐந்து வருடம் என்று எழுதிக் கொடுக்காதீர்கள்.

உலர்கலன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு விவரமாக வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ராடு 4043 அல்லது 4943 என்று மாற்றிவிடுகிறேன். இரண்டு சந்தேகம். ஒன்று, வெல்டிங் முடிந்தபின் முழுச் சட்டத்தையும் ஏஜிங் செய்தால் ஹெச்.ஏ.இசட். சரியாகுமா? இரண்டு, ஃப்ரிக்‌ஷன் ஸ்டிர் வெல்டிங் (சுழலும் கருவியால் உலோகத்தைக் கலக்கி ஒட்டுவது) செய்தால் உலோகமே உருகாது என்கிறார்கள், அப்படியானால் இந்த மெலிவு வராதா? அறையின் சூடு பற்றிக் கேட்டேன், கதவு பக்கம் 165, விசிறிக்கு எதிரே 185 வரை போகுமாம்.

டார்ச்_பிடிச்சவன் எழுதியது:

185 போகிறதென்றால் கணக்கு 185க்குத்தான். வேறு பேச்சே இல்லை.

ஸ்டீலில் செய்துவிடுங்கள் என்பதுதான் என் கருத்து. அலுமினியம் 660 டிகிரியில் உருகும் உலோகம், அது கெல்வினில் 933. அதில் பத்தில் நாலு பங்கு என்றாலே 373 கெல்வின், அதாவது 100 டிகிரி. பொதுவாக எந்த உலோகத்துக்கும் உருகுநிலையில் அந்தப் பங்கைத் தாண்டினால் க்ரீப்பைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்பார்கள். நீங்கள் 70, 80 டிகிரி அந்தப் பக்கம் நிற்கிறீர்கள். மெல்லிய சுவர் ஸ்டெயின்லெஸ் குழாயில் செய்தால் எடை கொஞ்சம் கூடும், ஆனால் 185 டிகிரி அதற்கு ஒரு சூடே இல்லை, நிம்மதியாகத் தூங்கலாம். சூட்டில் அலுமினியத்தின் விறைப்பும் குறைகிறது, 70 கிகாபாஸ்கல் 150 டிகிரியில் 65, 200 டிகிரியில் 60. ஸ்டீலுக்கு முதலிலேயே 200க்கு மேல். அதே வளைவுக்கு மெல்லிய குழாய் போதும், நீங்கள் நினைக்கிற அளவுக்கு எடை கூடாது. ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

நுண்ணமைப்பு எழுதியது:

ஏஜிங் கேள்விக்கு. வெல்டிங்குக்குப் பிறகு ஏஜிங் மட்டும் செய்தால் கரைந்த பட்டைக்குப் பலன் உண்டு, பருத்த பட்டைக்கு இல்லை. டி6 குழாயை வாங்கி வெல்டிங் செய்து ஏஜிங் செய்வதைவிட, டி4 நிலையில் (ஏஜிங் சூடு இன்னும் கொடுக்காதது) வாங்கி வெல்டிங் செய்து பிறகு மொத்தமாக ஏஜிங் செய்வது நல்லது, அதில் பருக்க வேண்டிய படிவே முதலில் அதிகம் இருக்காது. முழுதாகச் சரியாக வேண்டுமென்றால் 530 டிகிரிக்குச் சூடாக்கி நீரில் அமிழ்த்தி மறுபடி ஏஜிங் செய்ய வேண்டும், இவ்வளவு பெரிய சட்டத்தை நீரில் போட்டால் முறுக்கிக்கொண்டுதான் வெளியே வரும். அதோடு 4043இல் மக்னீசியம் இல்லை என்பதால் வெல்ட் உலோகம் தாய் உலோகத்திலிருந்து கலந்த மக்னீசியத்தை வைத்துத்தான் பலம் பெற வேண்டும், அதற்காகத்தான் மக்னீசியம் சேர்த்த 4643 என்ற ராடு இருக்கிறது. ஆனால் இதையெல்லாம் செய்தாலும் உங்கள் விஷயத்தில் 30,000 மணி நேரம் அந்த லாபத்தைத் தின்றுவிடும். முதல் வருடத்துக்கு மட்டும் நல்லது.

ஃப்ரிக்‌ஷன் ஸ்டிர் பற்றி. 1991இல் இங்கிலாந்தின் டி.டபிள்யூ.ஐ. நிறுவனத்தில் பிறந்த அருமையான முறை, உருகாது, வாயுத் துளை விழாது, உறையும்போது விரிசல் வராது, கோணலும் குறைவு. ஆனால் கலக்கும் இடத்தில் உலோகம் 400, 500 டிகிரி வரை போகும். படிவு பருப்பதற்கு உருக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மெலிந்த பட்டை குறுகலாக இருக்கும், கொஞ்சம் குறைவாக மெலியும், அவ்வளவுதான். அதோடு சதுரக் குழாய்களின் டி வடிவ ஜாயிண்டுக்கு அந்தக் கருவியை எப்படி உள்ளே விடுவீர்கள்? நீளமான தகடுகளை ஒட்டத்தான் அது ராஜா.

வெள்ளி_ராடு எழுதியது:

உலோகத்தையே மாற்றலாம் என்று ஏன் யாரும் சொல்லவில்லை? ஸ்டீலுக்குப் போக வேண்டாம், அலுமினியத்திலேயே 5454 இருக்கிறது.

5454இல் மக்னீசியம் 2.4 முதல் 3.0 சதவீதம். பழைய ஃபோர்மேன் சொன்ன எல்லைப் படிவுப் பிரச்சினை வராத அளவுக்கு வேண்டுமென்றே நிறுத்திய உலோகம் இது, இதற்கு 5554 ராடு, அதிலும் அதே அளவு மக்னீசியம். சூடான தார் ஏற்றிச் செல்லும் டேங்கர் லாரிகளின் தொட்டிகள் இதில்தான் செய்யப்படுகின்றன, காரணம் இதே காரணம்.

முக்கியமானது இதுதான். இது வெப்பச் சிகிச்சையால் பலம் பெறுகிற உலோகம் இல்லை. கரைந்த மக்னீசியமும், குளிரில் அழுத்தியதால் வந்த இறுக்கமும்தான் பலம். வெல்டிங் செய்தால் அந்த இறுக்கம் மட்டும் போய் ஓ நிலைக்கு, அதாவது முழுதாக மென்மையான நிலைக்கு வந்துவிடும். அதற்குக் கீழே போக இடமில்லை. அதனால் ஆரம்பத்திலிருந்தே ஓ நிலை மதிப்பை வைத்து வடிவமைத்தால் ஜாயிண்ட், பக்கத்துப் பட்டை, தாய் உலோகம் எல்லாம் ஒன்றுதான். 5454-ஓ அறை வெப்பநிலையில் 248 உடைப்பு வலிமை, 117 ஈல்டு. காகிதத்தில் 6061-டி6க்குப் பக்கத்தில் பரிதாபமாகத் தெரியும். 204 டிகிரியில் நெடுநேர அட்டவணையைப் பாருங்கள். 5454-ஓ சுமார் 150 உடைப்பு, 103 ஈல்டு. 6061-டி6 131 உடைப்பு, 103 ஈல்டு. வெல்டிங் இல்லாத டி6ஐ வெல்டிங் செய்த 5454 அந்தச் சூட்டில் எட்டிப்பிடித்துவிடுகிறது! வெல்டிங் செய்த 6061 அதற்கும் கீழே.

கஷ்டம் ஒன்று உண்டு, 5454 தகடாகத்தான் எளிதில் கிடைக்கும், சதுரக் குழாயாகத் தேடினால் கிடைப்பது அரிது. தகட்டை சி வடிவில் வளைத்து, இரண்டை எதிரெதிரே வைத்து நீளவாக்கில் வெல்டிங் செய்து பெட்டியாக்க வேண்டும். வேலை கூடும். ஆனால் க்ரீப் அளவை இதற்கும் பார்க்கத்தான் வேண்டும், மேலே சொன்ன எண்கள் நெடுநேரம் சூட்டில் வைத்து பிறகு இழுத்த எண்கள், சுமையோடு வைத்தவை இல்லை.

2219 என்றும் ஒன்று உண்டு, செம்பு 6 சதவீதத்துக்கு மேல், 2319 ராடு. சாட்டர்ன் 5 ராக்கெட்டின் முதல் கட்டத் தொட்டிகள் அதில்தான் வெல்டிங் செய்யப்பட்டன, சூட்டிலும் கடுங்குளிரிலும் நன்றாக நிற்கும். ஆனால் ஈரத்தில் அரிக்கும், பூச்சு வேண்டும். தட்டுச் சட்டத்துக்கு அது வேண்டாம்.

பழைய_ஃபோர்மேன் எழுதியது:

5454 நல்ல யோசனை. எனக்கே முதலில் தோன்றியிருக்க வேண்டிய யோசனை அது.

ஆனால் எந்த உலோகம் என்றாலும் தம்பி ஒன்றை மறந்துவிடக் கூடாது, சட்டம் எதன் மேல் உட்காருகிறது? ஸ்டீல் தண்டவாளத்தில் போல்ட் போட்டு இறுக்கியிருக்கிறீர்களா? 6061 ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு 23.6 மைக்ரான் நீளும், ஸ்டீல் 12தான். 20 டிகிரியிலிருந்து 180க்குப் போனால் ஒரு மீட்டருக்கு 1.9 மி.மீ. வித்தியாசம். இரண்டு மீட்டர் சட்டம் என்றால் நாலு மி.மீ. கிட்டே. அதற்கு இடம் கொடுக்காமல் இறுக்கினால் அந்த நீட்சி எங்கே போகும்? மிக மெலிந்த இடத்துக்குப் போகும், அதாவது வெல்டுக்குப் பக்கத்துப் பட்டைக்கு. பிடித்திருப்பது கூடவே நீளாமல், இரண்டு பக்கமும் அசையாமல் பிடித்திருந்தால், 160 டிகிரி ஏற்றத்துக்குக் கணக்குப்படி 240 மெகாபாஸ்கலுக்கு மேல் வருகிறது, அந்தப் பட்டையின் ஈல்டு அதில் பாதிகூட இல்லை. நீங்கள் 60 என்று போட்ட கணக்கில் இது இல்லவே இல்லை. அதுவும் தினமும் ஒருமுறை அணைத்து ஏற்றினால் ஒவ்வொரு முறையும் அங்கே அமுங்கி நீண்டு, கடைசியில் விரிசல் விழும். ஒரு பக்கம் நிலையான போல்ட், மற்ற பக்கமெல்லாம் நீள்துளை, நழுவ விடுங்கள். நான் பார்த்த சூட்டுச் சட்டங்களில் சுமையால் போனதைவிட இப்படி இறுக்கிப் போட்டதால் போனதுதான் அதிகம்.

வெல்டை எங்கே வைக்கிறீர்கள் என்பதும் பாருங்கள். குறுக்கு வெல்டை நடுவில், வளைவு அதிகம் வரும் இடத்தில் வைக்க வேண்டாம். வெல்டின் நடுவிலிருந்து இருபக்கமும் 25 மி.மீ. மெலிந்ததாகக் கருதுங்கள். நீளவாக்கில் ஓடும் வெல்ட் என்றால் குறுக்குவெட்டில் ஒரு பகுதிதான் மெலியும், குறுக்கு வெல்ட் என்றால் முழுக் குழாயும் மெலியும். அதிகச் சுமை வரும் ஒன்றிரண்டு ஜாயிண்டை வெல்டிங் இல்லாமல் போல்ட் போட்ட கஸ்ஸெட்டாகவே (இணைப்புத் தகடு) வைத்துவிடலாம்.

கான்கார்டு விமானத்திலேயே அலுமினியம் என்று யாராவது சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். அதன் மூக்கு 127 டிகிரி வரை போகும், ஆர்.ஆர்.58 என்ற சூட்டுக்கென்றே செய்த கலவை, வேகத்தை மாக் 2க்கு (ஒலியின் இரு மடங்கு வேகம்) சற்று மேலே நிறுத்தியதே அந்த உலோகத்துக்காகத்தான். அப்படியும் தோலை டார்ச் வைத்து ஒட்டவில்லை, ரிவெட்.

உலர்கலன் எழுதியது:

நீள்துளை பற்றி யோசிக்கவே இல்லை, நாலு பக்கமும் இறுக்குவதாகத்தான் படத்தில் இருக்கிறது, உடனே மாற்றச் சொல்கிறேன். 5454 தகட்டில் ஒரு பெட்டி, 4943 ராடு போட்ட 6061 ஒன்று, இரண்டும் மாதிரி செய்து சோதிக்கலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். ஸ்டெயின்லெஸ் கணக்கும் பக்கத்தில் போட்டு வைக்கிறேன். சோதனையை எப்படிச் செய்வது என்று மட்டும் யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

வெல்டிங் செய்த துண்டுகளை முதலில் அடுப்பில் வையுங்கள். உங்கள் அறையில் 185 வரை போகும் இடம் இருக்கிறது என்பதால் என் பழைய 840 மணி நேரம் போதாது. 185 என்றால் 458 கெல்வின், 30,000 மணி நேரத்துக்கு எண் 11,210. அது 200 டிகிரியில் கிட்டத்தட்ட 5,000 மணி நேரம், 220 டிகிரியில் 550 மணி நேரம். 220க்கு மேல் ஏற்றி அவசரப்படுத்த வேண்டாம், அங்கே படிவின் வகையே மாறிவிடும், 185இல் நடப்பதை அது காட்டாது. 550 மணி நேரம் வைத்த துண்டில் வெல்டுக்குக் குறுக்கே 1 மி.மீ.க்கு ஒரு புள்ளி என்று கடினத்தன்மை எடுங்கள். 6061-டி6 புதிதாக 95 பிரினெல், முழுதாக மென்மையான ஓ நிலை 30. எந்த இடம் எங்கே நிற்கிறது என்று கோடு போட்டுப் பார்த்தால் பாதிக் கதை அதிலேயே தெரிந்துவிடும்.

பிறகு இழுவைச் சோதனை 185 டிகிரியிலேயே, அறை வெப்பநிலையில் இல்லை. துண்டில் வெல்டும் இருபக்க மெலிந்த பட்டையும் முழுதாக வர வேண்டும், நீட்சி முழுக்க அந்தப் பட்டையில்தான் குவியும், அதனால் எந்த நீளத்தில் அளந்தது என்று எழுதாமல் நீட்சிச் சதவீதத்தை மட்டும் யாராவது கொடுத்தால் நம்பாதீர்கள். அதற்குப் பிறகு இரண்டு துண்டாவது சுமையோடு தொங்கவிடுங்கள், 185 டிகிரி, 60 மெகாபாஸ்கல், ஒரு மாதம், வாரம் ஒருமுறை நீளத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். நீளும் வேகம் குறைந்துகொண்டே வந்து ஒரு மிகச் சிறிய அளவில் நின்றால் தைரியமாக மேலே போகலாம். நிற்காமல் ஓடினால் தகைவை 60லிருந்து இறக்குங்கள், அதாவது சுவரைத் தடிமனாக்குங்கள் அல்லது தாங்கும் இடத்தைக் கூட்டுங்கள்.

சூட்டை அளக்கும்போது தெர்மோகப்பிளை (சூட்டை அளக்கும் கம்பி) காற்றில் தொங்கவிடாமல் உலோகத்தில், வெல்டுக்குப் பக்கத்தில், சிறு துளையில் பதியுங்கள். விசிறிக்கு எதிரே உலோகம் காற்றின் சூட்டுக்குச் சீக்கிரம் வந்துவிடும். ஹீட்டரை நேராகப் பார்க்கும் இடம் என்றால் கதிர்வீச்சால் காற்றைவிட உலோகம் கூடுதலாகச் சூடாகலாம், அங்கே ஒரு மறைப்புத் தகடு போட்டாலே பத்து டிகிரி குறைய வாய்ப்பு உண்டு. பத்து டிகிரிக்கு எவ்வளவு என்று மேலே கணக்கு இருக்கிறது.

உலர்கலன் எழுதியது:

சரி, அடுப்பில் துண்டு வைப்பதை இந்த வாரமே தொடங்குகிறோம். கடினத்தன்மைக் கோடு கையில் வந்ததும் இதே இடத்தில் எண்களைப் போடுகிறேன்.